ஆளற்ற தோட்டங்கள்

ஜப்பானின் மலைநாட்டுச் சிற்றூர்களில் புதர் மண்டிய சரிவொன்றை விலக்கிக்கொண்டு செல்வோர், எதிர்பாராத வகையில், ஒழுங்காகப் பதிக்கப்பெற்ற படிக்கற்களின்மீது கால் வைப்பதுண்டு. சற்று அப்பால் பாசி படர்ந்த கல்விளக்கு, கைகழுவ நீர் நிறைத்து வைக்கும் கல்தொட்டி, தூர்ந்துபோன குளம். எல்லாம் இருக்கின்றன, பேணுவோர்தாம் இல்லை.

தோட்டக்கலைக்குப் பேர்போன நாட்டில் இஃது எவ்வாறு நேர்ந்தது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு எடுத்த வீட்டுக் கணக்கின்படி, ஆளில்லா வீடுகள் ஏறத்தாழ 90 இலட்சம். அதாவது ஏழு வீடுகளுக்கு ஒன்று. வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருப்பவற்றையும் ஓய்வில்லங்களையும் நீக்கினாலும், வெறுமனே விடப்பட்டவை 38.5 இலட்சம். பிள்ளைகள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் பிழைக்கச் சென்றனர், பெற்றோர் மறைந்தனர், வீடு பூட்டப்பட்டது. இடித்துவிடலாமே எனின், அங்கும் ஒரு தடை. வீடு நிற்கும் சிறுமனைக்கு நிலவரி கணக்கிடும் மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. வீட்டை அகற்றினால் அச்சலுகையும் போம். ஆகவே வீடு தானே விழும்வரை விட்டுவைப்போர் பலர். அண்மைக்காலச் சட்டங்கள் கேடுற்ற வீடுகளுக்கு இச்சலுகையைப் பறிக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

வீடு விழுவதற்கு முன்னரே தோட்டம் விழுந்துவிடுகிறது. ஜப்பானியத் தோட்டத்தின் பைன் மரம் இயற்கையாக அவ்வடிவில் வளர்வதன்று. ஆண்டுதோறும் வேனிலின் தொடக்கத்தில் இளந்தளிர்களை விரலால் கிள்ளுவர். குளிர்காலம் நெருங்குகையில் பழைய ஊசியிலைகளைக் கையால் உருவி எடுப்பர். சில ஆண்டுகள் அக்கை விலகினால் போதும், பைன் காட்டுமரமாகிவிடும். மூங்கில் வேலியைக் கடந்து உள்ளே நுழையும். கற்கள் மட்டும் வைத்த இடத்தில் இருக்கும்.

அக்கற்களைக்கொண்டு ஒரு தோட்டத்தை மீட்கவும் இயலும். ஃபுக்குயி மாநிலத்து இச்சிஜோதானிப் பள்ளத்தாக்கை ஆண்ட அசாக்குரா குலத்தாரின் நகரை 1573-ஆம் ஆண்டு ஓடா நொபுனாகாவின் படை எரித்தழித்தது. அதன்மேல் நெல்வயல்கள் பரந்தன. 1967-இல் அகழ்வாய்வு தொடங்கியபோது தெருக்களும் வீட்டு அடித்தளங்களும் வெளிப்பட்டன. தலைவனின் மாளிகைத் தோட்டமும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தது. இன்று அங்கு நான்கு தோட்டங்கள் நாட்டின் சிறப்பு எழிலிடங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால் போர்த்தலைவனின் தோட்டத்துக்குக் கிடைத்த காவல் ஓர் உழவர் குடும்பத்தின் தோட்டத்துக்குக் கிடைக்குமா? கிடையாது, எல்லாவற்றையும் காப்பதும் ஆகாத செயல். வரைந்தாவது வைக்கலாமே என்பது நம் எண்ணம். 1934-ஆம் ஆண்டின் பெரும்புயல் பல தோட்டங்களைச் சிதைத்தபின், மிரெய் ஷிகெமோரி என்னும் கலைஞர் நாடெங்கும் சென்று பழந்தோட்டங்களை அளந்து வரைந்து, 26 தொகுதிகளாக வெளியிட்டார். அவர் நாடியவை புகழ்பெற்ற கோயில், மாளிகைத் தோட்டங்கள். பாட்டிமார் வளர்த்த தோட்டங்களுக்கு இன்னும் ஒரு ஷிகெமோரி தோன்றவில்லை.

இங்கு ஒரு சிறு செய்தி, நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டுவது. சில தோட்டங்களில் கல்விளக்கின் தூண் மேற்பகுதியில் சிலுவைபோல் புடைத்தும், கீழே நின்ற கோலத்தில் ஓர் உருவம் செதுக்கப்பெற்றும் காணப்படும். திருமறை தடைசெய்யப்பட்ட காலத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் வணங்கியது என்பர். நம் உள்ளம் அதனை நம்ப விழைகிறது. ஆயினும் சான்று போதாது என்று ஆய்வாளர் பலர் மறுக்கின்றனர். அவர்கள் கூற்றை ஏற்பதே முறை.

வெறுமையான தோட்டத்தின் சுமை அண்டைவீட்டார்மேல் விழுகிறது. எல்லை தாண்டி வரும் வேரை வெட்டலாம், கிளையை வெட்டலாகாது என்பது அந்நாட்டுப் பழைய சட்டம். உரிமையாளர் வெட்டாவிடில் நீதிமன்றமே வழி. 2023 ஏப்ரல் முதல், கேட்டும் வெட்டாவிட்டாலும், உரிமையாளர் யாரென்றே அறிய இயலாவிட்டாலும், அண்டையாரே வெட்டிக்கொள்ளலாம். உரிமையாளர் தெரியாமற் போவதும் உண்டோ எனில், உண்டு. தலைமுறை தலைமுறையாக வாரிசுப் பதிவு செய்யாமையால் ஒரு மனைக்குப் பல பத்துப் பேர் உரியவராகிவிடுகின்றனர். 2024 ஏப்ரல் முதல் 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். தவறினால் 1 இலட்சம் யென் வரை தண்டம்.

கிளைக்கே இவ்வளவு என்றால் மரத்துக்கு? முற்றத்தில் 'காக்கி' என்னும் பழமரம் நடுவது அந்நாட்டார் வழக்கம். இலையெல்லாம் உதிர்ந்தபின்னும் செம்மஞ்சள் நிறப் பழங்கள் கிளைகளில் தொங்கும். பறிப்பார் இல்லாத பழத்தைத் தேடிக் கரடிகள் ஊருக்குள் இறங்குகின்றன. 2023-ஆம் நிதியாண்டில் கரடிகளால் தாக்குண்டோர் 200-க்கும் மேற்பட்டோர். ஆதலால் பழத்தை உடனே பறியுங்கள், இயலாதெனில் மரத்தையே வெட்டிவிடுங்கள் என்று உள்ளூராட்சிகள் வேண்டுகின்றன. பாட்டனார் நட்ட மரத்தை வெட்ட இசைவு தரவேண்டிய பேரன் ஒசாகாவில் இருக்கிறான். ஊரில் எஞ்சியிருக்கும் எண்பது வயதுப் பக்கத்துவீட்டு அம்மையார், மாலை சாயுமுன் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்.