இரட்டைக் கன்று ஈன்ற பசு: முதல் மாதப் பால் யாருக்கு?

பசு ஓர் ஈற்றில் இரு கன்றுகளைத் தருவது அரிது. நாட்டு மாடுகளில் நூறு ஈற்றுக்கு ஒன்றுகூட இராது. ஐரோப்பியக் கலப்பினக் கறவைப் பசுக்களிற் சற்று அதிகமாகக் காணப்படும். ஆதலால் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வயலோடு இரண்டொரு மாடும் வைத்திருக்கும் கமக்காரர் பலருக்கு இதிற் பழக்கமில்லை. இரட்டைக் கன்று என்ற செய்தி பரவியதும் அயலார் வந்து பார்த்து வியப்பர். சில நாளில் ஒரு கன்று இறந்துவிடின், இரட்டை தங்காது என்று மனத்தைத் தேற்றிக்கொள்வர். உண்மையில் அக்கன்று பசியால் இறந்திருக்கலாம். தாய் அதனை ஏற்காதிருந்திருக்கும். அல்லது அதற்குரிய பால் பாத்திரத்துக்குப் போயிருக்கும். முன்னதைத் திருத்துவது எளிது. பின்னதைத் திருத்துவதே கடினம்.

பசு தன் கன்றை முக்கியமாக மணத்தினாலேயே அறிகிறது. ஈன்ற சில மணித்தியாலத்துள் அது கன்றை நக்கி, அதன் மணத்தை மனத்திற் பதித்துக்கொள்கிறது. கன்று இறந்த பசுவுக்கு முன், அக்கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தோற்கன்று செய்து நிறுத்திப் பால் கறந்த முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். இரட்டை ஈற்றில் நேரும் தொல்லை என்னவெனில், தாய் மூத்த கன்றை நக்கிக்கொண்டிருக்கும்போதே இளையது பிறக்கிறது. கொட்டிலில் ஈன்றால் யாரேனும் காண்பர். மேய்ச்சல் தரையிற் பட்டியோடு நிற்கும் பசுவோ, எழுந்து நடக்கும் கன்றுடன் பட்டியைப் பின்தொடர்ந்துவிடும். மற்றது பற்றையடியில் நாய்க்கும் நரிக்கும் இரையாகும். மாரிப் போகத்தில் வயல் விதைக்கப்பட்டதும் மாடுகள் தொலைவுக்குச் சாய்க்கப்படுவதால், அக்காலத்தில் ஈனவிருக்கும் பசுவை வீட்டு வளவில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. முதற் கன்று வழக்கத்திலும் சிறிதாயிருப்பின், இன்னொன்று உண்டோ என்று காத்திருந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டும் பிறந்ததும் தாயையும் கன்றுகளையும் அமைதியான சிற்றடைப்பில் ஒன்றாக விடுக. பார்க்க வருவோரும் நாய்களும் அண்டலாகாது. மூத்த கன்றின் உடலிலுள்ள ஈரத்தை வைக்கோலால் ஒற்றி இளையதன் முதுகிலும் வாலடியிலும் தேய்த்து, இரண்டையும் தாயின் மூக்கருகே கிடத்துக. தாய் இளையதை நக்க மறுத்தால் அதன் முதுகிற் சிறிது உப்பையோ தவிட்டையோ தூவலாம். உப்பை நாடி நக்கத் தொடங்கும் பசு கன்றையும் நக்கும். உதைக்கும் பசுவைத் தலைக்கயிறு குறுக்கிக் கட்டி, தவிடும் பிண்ணாக்கும் முன்னே வைத்து, பின்னங்கால்களைக் கயிற்றாற் பிணைத்து, நாளுக்கு நாலைந்து முறை கன்றை ஊட்டச் செய்க. அடித்தல் கூடாது, அடிபட்ட பசு கன்றை மட்டுமன்றி ஆளையும் வெறுக்கும். கன்றுகள் இரண்டையும் எப்போதும் ஒரே வேளையில் அவிழ்த்துவிடுக. சில நாள் இவ்வாறு செய்தால் அநேக பசுக்கள் இணங்கிவிடும்.

இனிப் பாலின் கதை. கன்று நோயெதிர்ப்புப் பொருள் எதுவும் இரத்தத்தில் இன்றியே பிறக்கிறது. கடும்புப் பால்தான் அதனை அளிக்கிறது. பிறந்து ஆறு மணித்தியாலத்துள் இரு கன்றும் வயிறாரக் குடித்திருத்தல் வேண்டும். ஒரு நாள் கழிந்தபின் குடலால் அப்பொருளை இரத்தத்திற் சேர்க்க இயலாது. வலிய கன்று முந்திக்கொண்டு முழுவதையும் குடித்துவிடுமாதலால், மெலிந்ததை முதலில் முலைக்கு விடுக. கடும்பு காய்ச்சி அயலாருக்குப் பகிர்வது நல்ல வழக்கமே. ஆயினும் இரட்டை ஈன்ற வீட்டில் அவ்வழக்கத்தை அடுத்த ஈற்றுக்கு ஒத்திவைத்தால் அயலார் எவரும் குறை கூறார்.

கடும்பு தீர்ந்தபின்னும் கறக்கலாகாதா என்று கேட்பர். கணக்கைப் பார்த்தல் நன்று. இளங்கன்றுக்கு அதன் எடையிற் பத்திலொரு பங்கு பால் நாள்தோறும் தேவை. பதினைந்து கிலோ எடையுள்ள நாட்டுக் கன்றுக்கு அது ஒன்றரை லீற்றர். இரண்டுக்கு மூன்று லீற்றர். நாட்டுப் பசு பலவற்றின் முழுப் பாலும் அவ்வளவு வராது. அதிலும் ஒரு போத்தல் கறந்தால் அது ஒரு கன்றின் உயிரிலிருந்து கறந்ததேயாகும். ஒரு மாதப் பாற்காசு வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. காலையிற் பால் விற்று மாலையில் அரிசி வாங்கும் வீடுகளும் உண்டு. ஆனால் அக்காசையும் ஒரு கன்றின் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது பெரிதென்பது விளங்கும். குட்டிக்குத் தீங்கு நேரும் அளவுக்குத் தாயிற் கறக்கலாகாதென்பது இவ்வூர்களிற் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களிலும் எழுதப்பட்ட விதியே. சாகிவால், ஜேர்சிக் கலப்புப் பசுக்களில் மிகுதி இருக்கக்கூடும். கன்றுகள் குடித்து விலகியபின் எஞ்சியதைக் கறப்பதில் தவறில்லை. தாயின் பால் போதாவிடின் வேறு பசுவின் பாலை உடற்சூட்டுடன் போத்தலில் ஊட்டலாம். கஞ்சித் தண்ணீரால் முதல் வாரங்களைக் கடத்த முயல்வது வயிற்றோட்டத்தை வரவழைப்பதாகும்.

ஒரு செய்தியைக் கன்று வாங்குவோரும் விற்போரும் அறிதல் வேண்டும். நாம்பனோடு இரட்டையாய்ப் பிறந்த நாகு, பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாயிருக்கும். ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜோன் ஹண்டர் 1779ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். கருவில் இரண்டின் இரத்தமும் கலப்பதனால் நாகின் உறுப்புகள் வளர்ச்சி குன்றுகின்றன என்பதை அமெரிக்க விஞ்ஞானி லில்லி 1917இல் விளக்கினார். அந்நாகை மிருக வைத்தியரிடம் காட்டிச் சோதித்தறியலாம். மலடெனத் தெரிந்தும் கறவைக் கன்றென்று விற்பது வஞ்சனை. இறைச்சிக்கென வளர்த்தால் அதற்கும் விலையுண்டு. இரண்டும் நாகாயினும் இரண்டும் நாம்பனாயினும் இக்கவலை இல்லை.

தாயையும் மறத்தலாகாது. இரட்டை ஈன்ற பசுக்களில் நஞ்சுக்கொடி தங்கிவிடுவது அதிகம். அதனைக் கையால் இழுத்தலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுதலும் கருப்பையைக் கெடுக்கும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் விழாவிடின் மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க. கன்றுகளின் தொப்புளுக்கு அயடீன் பூசும் வேளையிலேயே தாய்க்கு நிறையத் தண்ணீர் வைக்க. வெறும் வைக்கோலால் இரு கன்றுக்குப் பால் சுரக்காது. பச்சைப் புல்லும், வேலியிலுள்ள சீமைக்கிளுவைக் குழையை வாடவைத்தும், தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்து வருக. கன்றுகள் மூன்றாம் வாரமளவில் தாயின் தொட்டியிலேயே தவிட்டை முகரத் தொடங்கும். அப்போது அவற்றுக்கெனத் தனிச் சட்டியிற் சிறிது வைத்துப் பழக்கலாம்.