கவுண்டிச் சட்டம் நீதிமன்றம் வரை செல்லுமா?

2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவுக்கு ஆளுநர் கவின் நியூசம் ஒப்புதல் மறுத்தார். மாநிலம் கைவிரிக்கும்போது மாநகரையும் கவுண்டியையும் நாடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் ஒரு கவுண்டி இயற்றும் சட்டத்தின் கை எவ்வளவு நீளும்?

அமெரிக்க அரசியலமைப்பு உள்ளாட்சிகளைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவை மாநிலங்களின் படைப்புகள். மாநிலம் வழங்காத அதிகாரம் உள்ளாட்சிக்கு இல்லை, ஐயம் எழுந்தால் உள்ளாட்சிக்கு எதிராகவே தீர்க்க வேண்டும் என்று 1868இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் நெறி வகுத்தார். இந்த இறுக்கத்தைத் தளர்த்த வந்ததே 'ஹோம் ரூல்' எனப்படும் தன்னாட்சி. மேரிலாந்து மாநிலம் 1915இல் அதை ஏற்றது. அதன்படி வாஷிங்டனை அடுத்துள்ள மாண்ட்காமரி கவுண்டி, 1948இல் வாக்காளர் ஒப்புதலுடன் தனக்கெனச் சாசனம் பெற்றது.

அக்கவுண்டியின் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1969இல் மாநில உயர் அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைத்து நின்றது. பணியிடப் பாகுபாட்டுக்கு ஆளானவர் முதலாளி மீது நேரடியாக வழக்குத் தொடரலாம் என்று கவுண்டி எழுதியபோதுதான் சிக்கல் வந்தது. 1990இல் மெக்ரோரி வழக்கில் அதே நீதிமன்றம் அந்த வழக்குரிமையை ஏற்க மறுத்தது. தனியார் மீது புதிய வழக்குரிமையை உண்டாக்குவது 'உள்ளூர்ச் சட்டம்' ஆகாது, அது மாநிலத்தின் வேலை என்றது தீர்ப்பு. பாகுபாடு குற்றமில்லை என்று எவரும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் ஏறவேண்டிய நீதிமன்றப் படி மட்டும் அகற்றப்பட்டது. பின்னர் மாநிலச் சட்டமன்றமே மாண்ட்காமரி உள்ளிட்ட சில கவுண்டிகளுக்கு மட்டும் தனிச்சட்டத்தால் அப்படியைத் திருப்பித் தந்தது.

உள்ளூர் அதிகாரம் தன்னளவில் புனிதமானதல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை முன்னிறுத்தியவர்களை அண்ணல் அம்பேத்கர் கண்டித்தது நமக்கு நினைவிருக்கும். எனினும் மெக்ரோரி தீர்ப்பில் இழந்தவர் உள்ளூர் ஆதிக்கவாதி அல்லர், நீதி கேட்டு வந்த ஊழியர்.

ஆகவே கவுண்டியிடம் சாதித் தடைச் சட்டம் கோருவோர், 'சாதி' என்ற சொல்லைச் சேர்ப்பதோடு நின்றுவிடலாகாது. புகாரை எந்த ஆணையம் விசாரிக்கும், இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டா, நீதிமன்றம் செல்ல மாநிலச் சட்டம் இடம் தருகிறதா என்பவற்றை வரைவு நிலையிலேயே கேட்டுப் பெற வேண்டும்.