நீலத் திரையைக் கேள்வி கேளுங்கள்

நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை மடிக்கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று எழுத்துகள் மறைந்து திரை முழுவதும் நீலமாகிறது. ஒரு சோக முகம், சில ஆங்கிலச் சொற்கள்; பிறகு கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. ஒருநாள் நடந்தால் மறந்துவிடுவீர்கள். வாரத்தில் மூன்று முறை நடந்தால்? "பழசாகிவிட்டது, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டில் எதையும் முதல் வேலையாகச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. காரணங்களைக் கூறுகிறேன்.

2011ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. அப்படி அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த ஒன்று இன்று உங்கள் மேசையில் இருக்கலாம். அதை இழந்தால் இன்னொன்று வாங்கப் பல வீடுகளில் வசதி இல்லை. உலகத்தின் நிலையையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் நாலில் ஒரு பங்குகூட முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே "தூக்கிப் போடு" என்பது எளிதாகச் சொல்லக்கூடிய சொல் அன்று.

நீலத் திரை ஏன் வருகிறது?

வீட்டில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் ஃபியூஸ் உருகி இணைப்பைத் துண்டிக்கிறது. ஃபியூஸ் கெட்டது என்று நாம் அதைத் திட்டுவதில்லை; அது வீட்டைக் காப்பாற்றியது என்கிறோம். நீலத் திரையும் அத்தகையதே. விண்டோஸின் உட்கருவான கெர்னல், நினைவகத்தில் ஏதோ தவறாக இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. தொடர்ந்து ஓடினால் அந்தத் தவறு ஹார்ட் டிஸ்கில் உள்ள உங்கள் கோப்புகளிலும் எழுதப்பட்டுவிடலாம். அதனால் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்துவதற்கு முன் காரணத்தைக் குறிக்கும் ஒரு சொற்றொடரையும் காட்டுகிறது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. 2025இல் விண்டோஸ் 11இல் இத்திரையின் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது, வேலை அதேதான்.

அப்படியானால் நீலத் திரை என்பது ஒரு சாட்சியின் வாக்குமூலம். ஃபார்மட் போடுவது அந்தச் சாட்சியை ஊரைவிட்டு அனுப்புவதற்குச் சமம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் விண்டோஸ் 'மினிடம்ப்' என்ற கோப்புறையில் ஒரு சிறு பதிவை எழுதி வைக்கிறது. ஃபார்மட் அதையும் அழித்துவிடும். மேலும், ஒரே நேரத்தில் எல்லா மென்பொருள்களும் மாறிவிடுகின்றன. கணினி சரியானாலும் எது சரியாயிற்று என்று தெரியாது. சரியாகாவிட்டாலும் உங்கள் கோப்புகள் போனது போனதுதான்.

கடைக்காரரை நான் குறை கூறவில்லை. அவர் மேசையில் இருபது கணினிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு வாரம் செலவிட அவரால் முடியாது. உங்களால் முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

முதலில் உங்கள் பாடக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். ஒருவேளை பழுது ஹார்ட் டிஸ்கில் இருந்தால், அடுத்த சோதனைக்குள் அது முற்றிலும் நின்றுவிடலாம்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சார்ஜர் செருகியிருந்ததா, அடிப்பகுதி சூடாக இருந்ததா, திரையில் என்ன சொல் வந்தது என்று எழுதுங்கள். திரை விரைவில் மறைந்துவிட்டால், தானாக மறுதொடக்கம் ஆவதை விண்டோஸின் அமைப்புப் பகுதியில் நிறுத்தி வைக்கலாம். 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்னும் பகுதியிலும் நாள்வாரியான பதிவு இருக்கும்.

பிழையைக் குறித்து வைக்கும் வழக்கம் கணினியைப் போலவே பழையது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறி தவறு செய்தபோது, அதன் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைப் பொறியாளர்கள் கண்டனர். அதை எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, நேரத்தோடு எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

குறிப்பு சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று திரும்பத் திரும்ப வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது அதன் இணைப்பு. 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்றால் வன்பொருளில் எங்கோ பழுது. வெப்பமும் மின்னழுத்தமும் அதில் சேரும். ஆனால் இச்சொற்கள் தீர்ப்புகள் அல்ல. காய்ச்சல் என்பது நோயின் பெயர் ஆகாதல்லவா? ரேம் பழுதானால், அதில் அமர்ந்திருந்த குற்றமற்ற ஒரு டிரைவர் மென்பொருளின் பெயரும் திரையில் வரலாம்.

வெப்பம் என்ன செய்கிறது?

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் உதவிக்கு வருகிறது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைக்கப்படுகிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு பிட்டும் படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. வெப்பநிலை உயர்ந்தால் கசிவு மிகும். 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த இடைவெளியை 32 மில்லி விநாடியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. பழைய மடிக்கணினியின் விசிறியில் தூசு அடைந்து, செயலியின் மேல் பூசிய வெப்பப் பசையும் காய்ந்து போயிருக்கும். மெத்தையின் மேல் வைத்து, காற்றுத் துளைகளையும் அடைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஒருமுறை வரும் பிழையும் திரும்பத் திரும்ப வரும் பிழையும் வேறு வேறானவை. 1978இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோதி மே, மர்ரே உட்ஸ் ஆகிய இருவரும் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். சில்லுகளின் உறையில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவை வெளியிடும் ஆல்ஃபா துகள்கள், நினைவகத்தில் ஒரு பிட்டை மாற்றிவிடக் கூடும் என்பதே அது. காஸ்மிக் கதிர்களாலும் இது நேரும். எனவே ஆண்டுக்கொரு முறை வரும் நீலத் திரைக்காகக் கவலைப்பட வேண்டாம். வாரந்தோறும் வந்தால் அதற்கு ஒரு நிலையான காரணம் உண்டு; அதைத் தேடலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இது தொடங்குவதற்கு முன் என்ன மாறியது? 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் தாமதமாயின, மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று வந்த ஒரு தவறான புதுப்பிப்புதான் காரணம். பல கணினிகளைச் 'சேஃப் மோடில்' தொடங்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கியதும் அவை எழுந்துகொண்டன. காரணம் தெரிந்ததால் ஃபார்மட் தேவைப்படவில்லை.

எதுவும் மாறவில்லை என்றால் சோதனையைத் தொடங்குங்கள். ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பாருங்கள். அதிலும் கணினி நின்றால் விண்டோஸின் மேல் பழியில்லை. வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ரேம்கள் இருந்தால் முதலில் இரண்டையும் கழற்றி, அதே இடங்களில் மீண்டும் செருகிச் சில நாள் ஓட்டுங்கள். இணைப்பு முனையில் படிந்த அழுக்கு மட்டுமே காரணமாக இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பிறகு மற்றதை மட்டும். பழுது ரேமைப் பின்தொடர்கிறதா, அது செருகப்பட்ட இடத்தைப் பின்தொடர்கிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் இந்த விடை கிடைக்காது.

எத்தனை நாள் காத்திருப்பது? ஒரு கணினி சராசரியாக 2 நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்குமின்றி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதையுமே சரிசெய்யாவிட்டாலும், அது 2 நாள் நிற்காமல் ஓட நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. 6 நாள் நிற்காமல் ஓடும் வாய்ப்போ நூற்றுக்கு 5தான். கதிரியக்கச் சிதைவைக் கணக்கிடும் அதே விதிதான் இது. "நேற்று முழுதும் நிற்கவில்லை, சரியாகிவிட்டது" என்று மகிழ்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய இடைவெளியைப் போல் மூன்று மடங்காவது பொறுங்கள். பிறகு சந்தேகப்பட்ட ரேமை மறுபடி செருகிப் பாருங்கள். நீலத் திரை திரும்பி வந்தால், உங்கள் முடிவு உறுதியாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கணினியைத் திறக்கும் முன் சார்ஜரையும், கழற்ற முடிந்தால் மின்கலத்தையும் எடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். மின்கலம் உப்பியிருந்தால் திறக்கவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். அது தீப்பிடிக்கக் கூடியது. சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே உங்கள் வேலை கவனிப்பதோடு நின்றுவிடும். அப்போதும் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்குச் செல்லுங்கள். "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்பவருக்கும், "சூடான அரை மணி நேரத்தில், இந்தச் சொல்லோடு, ஒன்பது முறை நின்றது" என்று சொல்பவருக்கும் ஒரே விதமான கவனிப்பு கிடைப்பதில்லை.

இறுதியில் தாய்ப்பலகையே பழுதென்று தெரியலாம். அப்போது அந்தக் கணினிக்கு விடைகொடுப்பதில் தவறில்லை. ஆராய்ந்து எடுத்த முடிவு அது. அதன் ரேமும் ஹார்ட் டிஸ்கும் நல்ல நிலையில் இருந்தால் வேறொரு கணினிக்கு உதவும்.

நம் பள்ளி ஆய்வகங்களைப் பற்றியும் ஒரு சொல். சரியாக வேலை செய்யும் மின்சுற்றைத் தந்து, முன்பே தெரிந்த விடையை அளந்து எழுதச் சொல்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, எங்கோ ஒரு கம்பி விட்டுப்போன மின்சுற்றைத் தந்து பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். விடைக்கு அல்ல, தேடிய முறைக்கு மதிப்பெண் தர வேண்டும். அப்படி ஒரு நாள் வேண்டும் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அதுவரை, அடிக்கடி நிற்கும் மடிக்கணினி உங்கள் வீட்டில் இருந்தால், அதையே உங்கள் ஆய்வகமாகக் கொள்ளுங்கள். இன்று இரவே முதல் பக்கத்தில் தேதியைப் போட்டுத் தொடங்கிவிடலாம்.