மாசம் 240 ரூபாய்க்கா இவ்வளவு யோசனை?

2025 நவம்பர் 21-ல 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தாச்சு. எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகள்ல ஃபிக்ஸட் டேர்ம்ல இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது கிராஜுவிட்டி. உங்களுக்கு இனி 5 வருஷம் தேவையில்லை, 1 வருஷம் போதும்.

சம்பளம் 30,000, அதுல பேசிக் 10,000, மீதி வீட்டு வாடகைப்படி, கன்வேயன்ஸ்னு வைங்க. படிகள் பாதிக்கு மேல போனா, மிஞ்சின தொகை ஊதியத்துல சேரும். அப்போ ஊதியம் 15,000. வருஷ கிராஜுவிட்டி 5,769-லிருந்து 8,654 ஆகுது. நிர்வாகத்துக்குக் கூடுற செலவு மாசம் சுமார் 240 ரூபாய்தான்.

இதை உங்க சிடிசி-யிலேயே கழிக்கிறதும், 11 மாசத்துல ஆளை மாத்துறதும் சட்டத்துக்குத் தயாராகிறது இல்லை, தப்பிக்கிறது. பழகின கையை அனுப்பிட்டா, புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கிற செலவை எந்தக் கணக்குல எழுதுவாங்க? மாசாமாசம் ஒதுக்கி வைக்கிறதுதான் நேர்மையான வழி. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது, கிராஜுவிட்டி சிடிசி-க்கு உள்ளேயா வெளியேயான்னு எச்.ஆர்.கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.