ஒரே வாக்குறுதி, இருவேறு நீதியா?

ஆவடியிலுள்ள மத்திய ரிசர்வ் காவல் படைப் பயிற்சி மையத்திற்குக் கணவன் சென்றால், குழந்தையையும் கடனையும் சுமந்து காத்திருப்பது மனைவியின் கடமை என்கிறோம். அத்தகைய பயிற்சிக்கு மனைவி புறப்பட்டாலோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வந்து குழந்தைக்குச் சோறூட்டும் கணவனைக் கண்டு நகைக்கிறோம். இது எவ்வகை நீதி?

அப்படை 1986இலேயே மகளிர் படையணியை அமைத்தது. பரங்கிமலை இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1992 முதல் பெண்களையும் பயிற்றுவிக்கிறது. 2015இல் காஷ்மீரில் வீரமரணம் எய்திய கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி, இரு குழந்தைகளின் தாயாகிய நிலையில் அங்கே பயின்று, 2017இல் அதிகாரியானார். நாடே பாராட்டியது, நன்று. ஆனால் கைம்பெண்ணின் துணிவைப் போற்றும் நாம், கணவன் உயிரோடிருக்கும் பெண்ணின் துணிவை மட்டும் பழிப்பதேன்?

குடும்பம் சிதையும் என்பர் சிலர். கணவன் சென்றபோது சிதையாத குடும்பம், மனைவி செல்லும்போது மட்டும் சிதையுமா? குடும்பத்தைச் சிதைப்பது பிரிவன்று, பகிரப்படாத சுமையே.

திருமண நாளில் பீடத்தின்முன் இருவரும் ஒரே வாக்குறுதியையே அளிக்கிறோம். துணைநிற்பேன் என்னும் அச்சொல் மனைவிக்கு மட்டும் உரியதன்று. நம் அன்பியங்கள் இதனைப் பேசட்டும். பயிற்சிக்குச் சென்றவளின் இல்லத்தில் அடுப்பெரிகிறதா என்றும் கேட்கட்டும். ஏளனத்தை இன்றே கைவிடுவோம்.