மழையைத் தடுத்த மலை

நல்ல விளைச்சலுக்கு நல்ல மழை வேண்டும் என்று சொன்னால் மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டைனா தேசத்துத் திராட்சைக் குடியானவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அத்தேசத்துத் திராட்சை மதுவில் பெரும் பகுதி மெண்டோஸா மாகாணத்தில் உற்பத்தியாகிறது. அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 8 அங்குல மழைதான் பெய்கிறது! மதுவைப் பருகுவது தகுமா என்ற விவாதத்தில் நாம் இங்கே இறங்கப் போவதில்லை. பாலைவனம் போன்ற பூமியில் அந்தக் கொடி எவ்வாறு தழைக்கிறது என்பதே நமது கேள்வி.

விடை மேற்கே ஆண்டீஸ் மலைத்தொடராக நிற்கிறது. பஸிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று, சிலி தேசத்துப் பக்கத்திலும் சிகரங்களிலும் மழையையும் பனியையும் கொட்டிவிட்டு, மலையைக் கடக்கும்போது வறண்டு போகிறது. ஆயினும் மழையைத் தடுத்த அதே மலை, உச்சியில் சேர்ந்த பனியைக் கோடையில் உருக்கி ஆறுகளாக அனுப்புகிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே ஹுவார்ப்பே என்னும் பூர்வ குடிகள் வாய்க்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டு வந்தார்கள். 1884-ம் வருஷத்துச் சட்டம் நீர்ப் பாத்தியதையை நிலத்தோடு பிணைத்தது. மழைக் குறைவிலும் ஒரு லாபம் உண்டு. ஈரத்தினால் வரும் பூஞ்சண நோய்கள் கொடியை அதிகமாக அண்டுவதில்லை.

உயரம் செய்யும் உதவியும் சாமானியமானதல்ல. ஒவ்வோர் 1,000 அடி ஏறும்போதும் உஷ்ணம் சுமார் 2 டிகிரி சென்டிகிரேட் குறைகிறது. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை சேருகிறது. இரவின் குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றுகிறது. மலை வெயிலின் கடுமையால் தோல் தடித்து நிறம் ஏறுகிறது. 1853-ல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சு விவசாய நிபுணரின் முயற்சியால் வேரூன்றிய மால்பெக் என்ற திராட்சை, பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் அதிகப் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம்.

தேசப் படத்தை விரித்துப் பார்த்தால் இந்த உண்மை இன்னும் விளங்கும். பூமத்திய ரேகைக்கு மற்றவற்றைவிடச் சமீபமாயுள்ள வடக்குச் சால்டாவில் தோட்டங்கள் 5,500 அடிக்கும் மேலே இருக்கின்றன. ஒன்றிரண்டு 10,000 அடியையும் தாண்டிவிட்டன. மெண்டோஸாவில் அவை 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரை பரவியிருக்கின்றன. தெற்கே குளிர்ந்த ரியோ நெக்ரோவில் 1,000 அடிகூட வேண்டியதில்லை. வெயில் ஏற ஏறக் கொடியும் மலை ஏறுகிறது.

மலை தரும் இடையூறுகளும் உண்டு. கோடையில் திடீரென்று விழும் கல்மழை சில நிமிஷங்களில் ஒரு வருஷத்து உழைப்பை உதிர்த்துவிடும். அதற்காகத் தோட்டங்களுக்கு மேல் வலை கட்டியிருக்கிறார்கள். ஆனால் பனிக் குறைவுக்கு வலை கட்ட முடியுமா? 2010 முதல் ஆண்டீஸில் பனி குறைந்த வருஷங்கள் தொடர்ந்து வந்தன. உலகத்தின் உஷ்ணம் அதிகரிக்கவே, புதிய தோட்டக்காரர்கள் இன்னும் உயரமான இடங்களை நாடுகிறார்கள். அங்கே குளிர் கிடைக்கும். ஆனால் நீருக்கு அவர்களும் அதே பனியைத்தான் நம்ப வேண்டும். தலைமடையில் தோட்டங்கள் பெருகி ஆற்றில் நீர் குறைந்தால், கடைமடையிலுள்ள சிறு குடியானவரின் முறை வரும்போது வாய்க்காலில் என்ன மிஞ்சும்? மெண்டோஸாவின் எதிர்காலம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.