தூரிகையும் செவியும்

கைவேலையினூடே ஒலிநூல் கேட்பது வாசிப்பாகாது எனக் கடிந்துரைப்போரை நாம் ஏற்பதற்கில்லை. அண்மையில் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசியவாறே, மார்க்கஸ் சூசாக்கின் ‘தி புக் தீஃப்’ (2005) என்னும் இளையோர் புதினத்தைக் கேட்டோம். நாசி ஜெர்மனியில், வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் வளர்ப்பு மகளுக்கு நிலவறைச் சுவரிலேயே சொற்களைத் தீட்டிக் கற்பிக்கிறார். அங்கு ஒளிந்திருக்கும் யூத இளைஞனோ, இட்லரின் நூலேடுகளுக்கு வெள்ளை பூசி, அவற்றின்மேல் தன் கதையை எழுதுகிறான். அவ்விடத்தில் நம் தூரிகை நின்றுபோயிற்று; வண்ணம் தரையில் சொட்டியது. (கறை இன்னும் போகவில்லை.) இதுவா அரைகுறை வாசிப்பு? உணவு வேளையில் ஒருவர் வாசிக்க, மற்றவர் மௌனமாய்ச் செவிமடுக்க வேண்டுமென 6ஆம் நூற்றாண்டிலேயே தம் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்தார் புனித ஆசீர்வாதப்பர். எழுத்தறியா நம் பாட்டியரும் நற்செய்தியைச் செவிவழியன்றோ பெற்றனர்! அவர்கள் பெற்றதையும் அரைகுறை என்பீர்களோ?